போன் இல்லாத வண்டிக்கு வந்த போன்

அத்தியாயம் 7

வண்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. ஆகவே குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முதலாளிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்களுக்குத்தான் இரண்டு நாளாகியும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் பூத். வெளியே 'லோக்கல், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., துப்பறிதல்' என்று போர்டு. கடைசி வார்த்தைக்கு பெயிண்டர் காசு வாங்கவில்லை. அது எந்த நாட்டுக்குப் பேசுவது என்று மட்டும் கேட்டான்.

பூத்தின் சொந்தக்காரி தேவசேனா, சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். மெஷின் வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜில்லா முழுக்க யார் யாரோடு என்ன பேசினார்கள் என்று தெரிந்த ஒரு பெண்ணை அப்படிச் சும்மா அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டார்கள். அவள் துப்பறிய ஆரம்பித்துவிட்டாள்.

நான் நாகபூஷணம். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ஒருமுறை பாகாலாவில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது பஸ் தானாகவே மூன்று ஸ்டாப் போய், ஆள் ஏற்றிக்கொண்டு, நான்காவதில் நின்றது. நான் டிக்கெட் கொடுத்தேன். வழக்கத்தைவிட மெதுவாகப் போனதாக ஒரு பாட்டி பாராட்டினாள். இதை நம்புகிறவர்கள் குறைவு. தேவசேனா நம்பவில்லை, ஆனாலும் வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

எதிரே மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தவன் கிருஷ்ணப்பா, அந்த வண்டியின் டிரைவர். விஜயபுரம் பக்கத்து ஆள். அப்பன் வரை அடுத்தவன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் இவன். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து குவைத்துக்கு விமானம். அங்கே ஒரு வீட்டில் டிரைவர் வேலை. விசா கையில் இருந்தது. பாஸ்போர்ட் கையில் இல்லை.

பாஸ்போர்ட், அவன் முதலாளியான பங்காருபாளையம் மாங்காய் வியாபாரி ரங்கையாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. வேலைக்குச் சேரும் டிரைவர் எதையாவது முதலாளியிடம் ஒப்படைத்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் லைசென்ஸ் ஜெராக்ஸ் கொடுத்தார்கள். இவன் வெகுளி, பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தான்.

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஏலம் முடிஞ்சதும் மண்டி நடுவுல நின்னு, நான்தான் காட்டிக் குடுத்தேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லணுமாம் மேடம்" என்றான் கிருஷ்ணப்பா. "சொன்னா பாஸ்போர்ட்டு. இல்லன்னா போலீஸ் கம்ப்ளெய்ண்டு. கேஸு வந்தா குவைத்து கோவிந்தா."

"சொல்லிட்டுப் போயேன்பா. ரெண்டு வார்த்தைதானே?" என்றேன். துப்பறியும் தொழிலில் உதவியாளர்கள் தப்பான யோசனை சொல்ல வேண்டும் என்று ஒரு மரபு இருக்கிறது.

"செய்யாத தப்புக்கு இங்க ஒருவாட்டி குனிஞ்சா, அப்பால குவைத்துல போயி இன்னாத்துக்கு நிமிர்றது பெரியவரே? நான் சொல்ல மாட்டேன். பிளைட்டு போனா போவட்டும்."

தேவசேனா பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஆள் பிடித்துப்போனால் பேனாவைக் கீழே வைப்பாள்.

"மறுபடி மொதல்லருந்து சொல்லு" என்றாள்.

சொன்னான். ரங்கையாவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. எந்தத் தோப்பு மாங்காயைப் பேசி முடிக்கப் போகிறார் என்பதை வண்டி மண்டியை விட்டுக் கிளம்பி, ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் வாய் திறந்து சொல்வார். அப்புறம் வழியில் நிறுத்தி அரை மணி நேரம் டிபன். பிறகு தோப்பு. போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒரு பச்சை ஜீப் நின்று, தோப்புக்காரனிடம் பேசி முடித்திருக்கும். இந்த சீசனில் ஒன்பது தோப்பு அப்படிப் போனது.

"டிபன் சாப்பிடற நேரத்துல நான் எங்கியோ போயி போன் பண்ணிட்றேன்னு சொல்றாரு. என்கிட்ட செல்லே இல்ல மேடம். செல்லு அவருகிட்டதான். அதுக்குன்னே திருப்பதியில கொண்டாந்து வண்டிக்கு ஹேண்ட்ஸ் ஃப்ரீ போட்டாரே!"

அந்த ஹேண்ட்ஸ் ஃப்ரீயை அதுவரை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பக்கம் ஒரு ஸ்டாண்டு. அதில் செல்லைச் செருகினால் கையால் தொடாமலே பேசலாம். கண்ணாடிக்கு மேலே கடுகு மாதிரி ஒரு மைக். ரங்கையா அதைப் போட்ட அன்று பங்காருபாளையம் பஜாரில் ஆறு தடவை சுற்றி வந்தாராம், இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக்கொண்டு. வண்டி ஓட்டியது கிருஷ்ணப்பா என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை.

"அது வந்த நேரமே சரியில்ல" என்றான் கிருஷ்ணப்பா. "அன்னையிலிருந்து டேப்பு பாட்டை முழுங்குது."

"போன் வந்தா டேப் சத்தம் தானா நின்னுடும். பேசறதுக்கு வசதியா அப்படி வெச்சிருப்பாங்க" என்றாள் தேவசேனா.

"அது தெரியும் மேடம். போன் வராதப்பவும் நிக்குது. கேசட்டு ஓடிக்கினே இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. ஹெட்டை ஸ்பிரிட் போட்டு தொடச்சேன். கேசட்டு மாத்தினேன். மொதலாளி என்னைத்தான் திட்டினாரு."

"எப்பெப்ப நிக்கும்?"

"காலையில ஷெட்டுலருந்து வண்டி எடுத்துக்கினு மண்டிக்கு வரும்போது ஒருவாட்டி. அப்பால மொதலாளி ஏறி, ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள ஒருவாட்டி. தெனமும்."

தேவசேனா எழுந்தேவிட்டாள். "காலையில வரும்போது வண்டியில யாரு?"

"நான் மட்டும்தான்."

"ரங்கையா செல்?"

"அவரு பாக்கெட்டுல. அவரு மண்டியில இருப்பாரே. ஸ்டாண்டு காலியாதான் இருக்கும்."

தேவசேனா பூத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். எங்கள் பூத்தில் நடப்பதற்கு இரண்டு அடிதான் இடம். நான்தான் கேட்டேன். "பாட்டு நின்னா நீ என்னப்பா பண்ணுவே?"

கிருஷ்ணப்பா வெட்கப்பட்டான். "விட்ட எடத்துலருந்து நானே பாடுவேன். அது தெலுங்கு பக்திப் பாட்டு. எனக்கு ரெண்டு வரிக்கு மேல தெரியாது. மிச்சத்தை நானே சொந்தமா போட்டு பாடிக்கினு வருவேன்."

"பாடு."

"வேணாம் பெரியவரே. என் சம்சாரம் யமுனாவுக்குக்கூட பாடிக் காட்டுனதில்ல. தனியா இருந்தாதான் வரும்."

"பூத் கதவைச் சாத்தறேன். பாடு."

கண்ணை மூடிக்கொண்டு பாடினான்:

"மாங்கா மண்டி மகராசா,
மணி மூணாச்சே, சோறெங்க ராசா?"

ராகம் பக்தி, விஷயம் பசி. நான் கைதட்டினேன். தேவசேனா கேட்டதாகவே தெரியவில்லை. காலியான ஸ்டாண்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"போன் இல்லாத வண்டிக்கு போன் வந்திருக்கு, கண்டக்டரே" என்றாள். "கிளம்புங்க."

ரேணிகுண்டா ரோட்டில் வெங்கட் என்பவனின் கடை. சீட் கவர், ஹார்ன், ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் பெட்டி எல்லாம் போடுவான். வெங்கட் ஒரு ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்தான்.

"வீட்டுக்காரரு வண்டிக்கு ஹேண்ட்ஸ் ஃப்ரீ போடணும்" என்றாள் தேவசேனா. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. துப்பறியும்போது மட்டும் ஆகும். "பங்காருபாளையம் ரங்கையா வண்டிக்குப் போட்டீங்களே, அதே மாதிரி."

வெங்கட் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அதே மாதிரின்னா... ஒண்ணா, ரெண்டா மேடம்?"

"ரெண்டு."

இரண்டு என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கடையில் ஒன்றா இரண்டா என்று கேட்டால் இரண்டு என்கிறவருக்குத்தான் ஸ்டூல் போடுவார்கள். போட்டான்.

"வீட்டுக்காரருமேல சந்தேகமா மேடம்?"

"மாமனாருக்கே சந்தேகம்" என்று என்னைக் காட்டினாள். மகன் விஷயத்தில் மனம் நொந்த முகத்தை நான் வைத்துக்கொண்டேன்.

வெங்கட் உற்சாகமாகிவிட்டான். நல்ல வேலைக்காரனுக்குத் தன் ரகசியத்தை யாரிடமும் சொல்ல முடியாதது பெரிய கஷ்டம். "ஒண்ணு ஸ்டாண்டுல. அது எல்லாரும் பாக்கறதுக்கு. இன்னொரு செல்லு சீட்டுக்கு அடியில, பொட்டிக்குள்ள. மணி அடிக்காது, லைட்டு எரியாது. யாராச்சும் அந்த நம்பருக்கு அடிச்சா தானா எடுத்துக்கும். வண்டியில பேசறது பூரா அந்தப் பக்கம் கேக்கும். அந்தப் பக்கம் பேசறது இங்க கேக்காது, அதுக்கு ஸ்பீக்கர் குடுக்கல. பேட்டரியிலேர்ந்து கரண்டு, சார்ஜே போட வேணாம். இன்கமிங்கும் இப்ப ஃப்ரீ ஆயிடிச்சி இல்ல? மாசம் பூரா கேளுங்க!"

"ரெண்டுக்கும் மைக் ஒண்ணுதானா?"

"ஒரே மைக்கு, ஒரே பொட்டி. ஒரே ஒரு சின்னக் கொறை. எந்த செல்லு எடுத்தாலும் டேப்பு வாயை மூடிக்கும். அந்த ஒயரை வெட்டியிருக்கலாம். கம்பெனி ஒயரு, புதுசு, மனசு வரல மேடம்."

உலகத்தில் எத்தனையோ குற்றங்கள் இப்படி ஒரு நல்ல மனசால்தான் வெளியே வருகின்றன.

"அதைப் போடச் சொன்னது யாரு?"

வெங்கட் நிமிர்ந்தான். "கஸ்டமர் பேரு சொல்ல மாட்டேன் மேடம். பில்லு மண்டி பேருல. அவ்ளோதான். டிரைவரை சோறு துன்ன அனுப்பிட்டு வெச்சேன். அவனுக்குத் தெரியாது."

"நாளைக்கு வண்டியோட வரோம்" என்று தேவசேனா எழுந்தாள். நானும் எழுந்து, மகனை நினைத்து ஒருமுறை பெருமூச்சு விட்டேன். வெங்கட் எனக்கு ஆறுதல் சொன்னான்.

பஸ் சந்திரகிரி தாண்டும்போது நான் கேஸை முடித்துவிட்டேன். "மண்டியில இருக்கறது யாரு? ரங்கையா, கணக்குப் பிள்ளை கங்கையா. ரங்கையா தன் வண்டிக்கே காது வெச்சு தன் ரகசியத்தையே வெளிய விடுவாரா? கங்கையாதான். முடிஞ்சது."

"கங்கையா மண்டியிலிருந்து யாருக்கும் போன் பண்ண முடியாது" என்றாள் தேவசேனா.

"ஏன்?"

பின் சீட்டிலிருந்து கிருஷ்ணப்பா தலையை நீட்டினான். "போனுக்கு பூட்டு போட்டு வெச்சிருக்காரு மொதலாளி. நம்பர் பட்டன் மேல தகர டப்பா மாட்டி, சின்னப் பூட்டு. சாவி அவரு அரைஞாண் கயித்துல. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டாரு."

"குளிக்கும்போது யாருக்குப் போன் பண்ணுவாரு?"

"பண்ண மாட்டாரு பெரியவரே. கழட்டவும் மாட்டாரு."

நான் முடித்த கேஸ் பாகாலா வருவதற்குள் திரும்பத் திறந்துகொண்டது.

மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ஜூன் மாதம். தோத்தாபுரி மாங்காய் மலை மலையாகக் குவிந்திருந்தது. மழை பெய்யும்போது அந்த மலைகளில் ஆடு மேயும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர. ஏலம் முடிந்து ஒரு நாற்பது பேர் கலையாமல் நின்றார்கள். மன்னிப்பு வேடிக்கை பார்க்க.

ரங்கையாவின் வண்டி மண்டி வாசலில் நின்றது. உள்ளே மேஜை. மேஜை மேல் போன். நம்பர் பொத்தான்களை மறைத்துத் தகர டப்பா, அதில் சுண்டைக்காய் அளவு பூட்டு. டப்பா செய்த ஆசாரி சிக்கனக்காரன். நம்பர் இருக்கும் இடத்துக்கு மட்டும் தகரம் வெட்டியிருந்தான். கீழே இரண்டு பொத்தான்கள் வெளியே தெரிந்தன. ஒன்று, கடைசியாகப் போட்ட நம்பரையே திரும்பப் போடுவது. இன்னொன்று ஸ்பீக்கர்.

தேவசேனா அந்தப் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆறு வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுத்து வருவதன் வருத்தம் இருந்தது. எனக்கு இன்னும் புரியவில்லை.

மேஜைக்குப் பின்னால் கணக்குப் பிள்ளை கங்கையா, ஒல்லியாக, பென்சில் மாதிரி. மண்டி நடுவில் ரங்கையா, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் செல்.

"ஏமிரா, வந்துட்டியா?" என்றார் ரங்கையா. "சரி. சொல்லு. எல்லாரும் சாப்பிடப் போகணும்."

"சொல்ல மாட்டேன் மொதலாளி" என்றான் கிருஷ்ணப்பா.

"ஏன்டா?"

"நான் செய்யல."

"அப்ப யாருடா செஞ்சது? வண்டியில நீயும் நானும்தானே? நான் என்னையே காட்டிக் குடுத்துக்கிட்டேனா?"

"அது எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டை வெச்சுக்கோங்க. குவைத்து போகலன்னா விஜயபுரம் போறேன். அங்க என் ரெண்டு கைக்கு எப்பவும் வேலை இருக்குது. ஆனா நடுமண்டியில நின்னு திருடன்னு நானே என் வாயால சொல்றது மட்டும் நடக்காது."

கூட்டத்தில் இரண்டு பேர் 'சபாஷ்' என்றார்கள். ஒருவர் தெலுங்கில், ஒருவர் தமிழில். ரங்கையாவின் காது சிவந்துவிட்டது.

"கொழுப்பு பாத்தீங்களா? எங்க அப்பா காலத்துல இவனுங்க செருப்பு போட்டுக்கிட்டு மண்டிக்குள்ள வந்ததில்ல. இப்ப ஸ்டியரிங்கைக் கையில குடுத்தா எதிர்த்துப் பேசறான். இவன் லட்சணம் உங்களுக்குத் தெரியாது. சம்பளம் குடுக்கறவனையே கிண்டல் பண்ணிப் பாட்டு கட்டறவன் இவன்! சாமி பாட்டு ராகத்துல! 'மாங்கா மண்டி மகராசா, மணி மூணாச்சே, சோறெங்க ராசா'ன்னு! நான் இவனுக்குச் சோறு போடலியா?"

மண்டியே சிரித்தது. ஒரு ஆள் மாங்காய்க் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். ரங்கையா நன்றாகவே பாடியிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். கிருஷ்ணப்பா, வாய் பிளந்து நின்றான். கங்கையா, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவசேனா முன்னால் வந்தாள்.

"அழகா பாடுனீங்க. எங்க கேட்டீங்க இந்தப் பாட்டை?"

"நீ யாரும்மா?"

"திருப்பதியில போன் பூத் வெச்சிருக்கேன். இவன் இந்தப் பாட்டை வண்டியில தனியா வரும்போது மட்டும்தான் பாடுவான். சம்சாரத்துக்கே பாடிக் காட்டுனதில்ல. அப்ப நீங்க மண்டியில இருப்பீங்க. ஷெட்டுலருந்து மண்டி நாலு மைல். அவ்வளவு தூரம் கேக்கற காது உங்களுக்கு எப்படி வந்தது?"

ரங்கையா செல் இருந்த பாக்கெட்டைப் பொத்திக்கொண்டார். மாங்காய் மண்டியில் விலை சொல்லத் தெரியாமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தோம் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

"கிருஷ்ணப்பா, வண்டியில டேப்பைப் போடு. சத்தமா" என்றாள் தேவசேனா.

போட்டான். மண்டி முழுக்க பக்திப் பாட்டு ஒலித்தது. நான்கைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேவசேனா மேஜைக்குப் போய், ரிசீவரை எடுத்து, டப்பாவுக்கு வெளியே இருந்த அந்தக் கடைசி நம்பர் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

பாட்டு நின்றது.

ஸ்டாண்டு காலி. ரங்கையாவின் செல் அவருடைய பாக்கெட்டில். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் ரிசீவரை வைத்தாள். பாட்டு திரும்ப வந்தது, நடுவில் ஒரு வரி காணாமல் போய்.

"சீட்டுக்கு அடியில இன்னொரு செல் இருக்கு" என்றாள் அவள் கூட்டத்தைப் பார்த்து. "மணி அடிக்காம எடுத்துக்கும். அந்த நம்பரை இந்தப் போன்ல போட்டது யாரு? போனுக்குப் பூட்டு. சாவி ஒண்ணு. அது யாரு இடுப்புல இருக்குன்னு மண்டிக்கே தெரியும்."

நாற்பது பேரும் ரங்கையாவின் இடுப்பைப் பார்த்தார்கள். அவர் கை தானாக அங்கே போனது.

"என் வண்டி. என் டிரைவர். என்ன பேசறான்னு நான் கேப்பேன்!" என்று வெடித்தார். "அதுக்கும் தோப்பு போனதுக்கும் என்ன சம்பந்தம்? தெனம் காலையில இந்தப் போன்லதான் கேப்பேன், செல்லுல அடிச்சா காசு ஜாஸ்தி. கேட்டுட்டு வெச்சிட்டு, டப்பாவைப் பூட்டிட்டு, வண்டியில ஏறிடுவேன்!"

"நம்பரைப் பூட்டிட்டு ஏறிடுவீங்க. கடைசி நம்பர் பொத்தான் வெளியவே இருக்கும். இந்த மேஜையில அப்புறம் உக்காந்திருக்கறது யாரு?"

நாற்பது பேரும் இடுப்பை விட்டுவிட்டு கங்கையாவைப் பார்த்தார்கள். பாகாலாவுக்கு முன்னால் நான் சொன்ன பெயர் அது. நான் தேவசேனாவைப் பார்த்து இருமினேன். அவள் திரும்பவில்லை.

அந்தக் காதை ரங்கையா டிரைவருக்காக வைத்திருந்தார். தான் பேசும்போது அது மரியாதையாகப் பொத்திக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"கங்கையா... நீயா?"

கங்கையா எழுந்து நின்றார். பென்சில் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

"ஆமா. பச்சை ஜீப்பு என் மச்சானோடது. எதிர் டீக்கடையிலதான் நிக்கும். நீங்க வண்டியில தோப்பு பேரைச் சொல்வீங்க, நான் டீ குடிக்கப் போவேன். நீங்க டிபன் முடிக்கறதுக்குள்ள அவன் போயிடுவான்."

"பன்னெண்டு வருஷம் சோறு போட்டேனேடா!"

"பன்னெண்டு வருஷம் போனைப் பூட்டியும் வெச்சீங்க. என் பொண்ணுக்கு ஜொரம் வந்த அன்னைக்கு டாக்டருக்குப் பேச முடியல. கோவத்துல அந்த ஒத்தப் பொத்தானை அமுக்கினேன். யாராச்சும் எடுத்தா ஒரு சேதி சொல்லச் சொல்லலாம்னு. நான் கத்தினது யாருக்கும் கேக்கல. நீங்க பேசினது எனக்குக் கேட்டுது. 'கங்கையா திருடன், அவனை ஒரு கண்ணு பாத்துக்கணும்'னு டிரைவர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க." கங்கையா காதிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இத்தனை வருஷம் திருடாமயே அந்தப் பேரு. சரி, திருடித்தான் பாப்போமேன்னு ஆயிடிச்சி. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். ஆனா கிருஷ்ணப்பா, உன் தலையில விழும்னு நினைக்கலப்பா. உன்கிட்ட மட்டும் கேக்கறேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை.

ரங்கையா உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறந்து மூடியது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கிருஷ்ணப்பாவின் பக்கம் நீட்டினார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கிருஷ்ணப்பா வாங்கவில்லை.

"என்னடா, எடுத்துக்கோ."

"என்னை எதுக்கு மண்டி நடுவுல வரச் சொன்னீங்க மொதலாளி?"

"அதான் முடிஞ்சு போச்சே."

"மன்னிப்பு கேக்கத்தானே? மண்டியும் இருக்குது, ஜனமும் இருக்குது. கேளுங்க."

"நானா?" ரங்கையா சுற்றிலும் பார்த்தார். நாற்பது அறுபதாகியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்திருந்தார். "இத்தனை பேருக்கு முன்னாலயா? எங்க தாத்தா காலத்திலிருந்து மண்டி வெச்சிருக்கோம்டா!"

"அப்ப அதை வெச்சுக்கோங்க" என்றான் கிருஷ்ணப்பா, பாஸ்போர்ட்டைக் காட்டி. "நான் கெளம்பறேன்."

வெள்ளிக்கிழமை விமானம், கையெட்டும் தூரத்தில் பாஸ்போர்ட், அவன் திரும்பி நடந்தான். என் சர்வீஸில் டிக்கெட் எடுத்த பிறகு பஸ்ஸை விட்டு இறங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படித் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கியவர்களைப் பார்த்ததில்லை.

"கிருஷ்ணப்பா!" என்று கூப்பிட்டாள் தேவசேனா. ரங்கையாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "பெரியவங்க. உங்க கஷ்டமும் புரியுது. வண்டியில உக்காந்து, கண்ணாடியை ஏத்திக்கிட்டு, அவன்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்."

ரங்கையா யோசித்தார். வண்டியைப் பார்த்தார். ஸ்டாண்டு காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். தன் செல்லை எடுத்து, அணைத்து, பாக்கெட்டுக்குள் ஆழமாகப் போட்டுக்கொண்டார். சீட்டுக்கு அடியில் இருந்தது அவர் கணக்கில் டிரைவருக்கு வைத்த காது, தன்னுடைய போன் அல்ல; ஆகவே இப்போது வண்டியில் போன் கிடையாது என்று அவருக்குத் திருப்தியாகிவிட்டது.

இரண்டு பேரும் ஏறினார்கள். கதவுகள் சாத்தின. கண்ணாடிகள் ஏறின. பாட்டு மட்டும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் மேஜை ஓரமாகச் சாய்ந்து நின்றேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. என் முழங்கை எங்கே படும் என்பது என் கையில் இல்லை. முதலில் அது ஸ்பீக்கரில் பட்டது. பிறகு பக்கத்துப் பொத்தானில்.

வண்டியில் பாட்டு நின்றது.

போனிலிருந்து ரங்கையாவின் குரல் மண்டி முழுக்க வந்தது, மாங்காய்க் குவியல்கள் வரை.

"...தப்பு என்னுதுதான்டா கிருஷ்ணப்பா. நீ திருடல. உன்னைத் திருடன்னு ஊர் பூரா சொன்னேன். மன்னிச்சுக்கோ. இந்தா, பாஸ்போர்ட்டு. வெளியில யார்கிட்டயும் சொல்லாதே, என்னா?"

அறுபது பேரும் போன் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்கள். டீக்கடைக்காரரின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் கிருஷ்ணப்பா பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு அவன் டேப்பைப் பார்த்தான். கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி, முன்கண்ணாடி வழியாக, எங்கள் எல்லாரையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மொதலாளி" என்றது ஸ்பீக்கர். "ஆனா பாட்டு நின்னுபோச்சே. நின்னா விட்ட எடத்துலருந்து நான் பாடணும், அது வழக்கம்."

பாடினான். அவன் முதன்முதலாக ஆட்களுக்கு முன்னால் பாடியது அன்றுதான்.

"மாங்கா மண்டி மகராசா,
மன்னிச்சிட்டேன், போயி வரேன் ராசா!"